முதல் ரிமோட் ஹெலிகொப்டர்: கைக்கெட்டிய 450 ஐ வாங்கலாமா, சிறியதில் தொடங்கலாமா?

கல்லடி வாவிக்கரை எழுதியது:

வணக்கம். ரிமோட்டில் இயங்கும் ஹெலிகொப்டர் ஒன்றை முதன்முதலாக வாங்க எண்ணியிருக்கிறேன். ட்ரோன் அல்ல, ஹெலிகொப்டரேதான் வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் இதுவரை நான் விசாரித்த அனைவரும் "ட்ரோன் வாங்குங்கள், அது தானாகவே நிற்கும்" என்றுதான் சொன்னார்கள். தானாக நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு ஆர்வமில்லை. ஹெலிச் சத்தம் கேட்டாலே பங்கருக்குள் ஓடிய பிள்ளைகளாக வளர்ந்தவர்கள் நாங்கள். இன்று என்னுடைய பதினொரு வயது மகன், வாவிக்கு மேலாக ஹெலி போகும்போது முற்றத்தில் நின்று கைகாட்டுகிறான்; மேலே ஒரு விசிறி சுழல்கிறதே, கீழே இருக்கும் உடல் ஏன் அதோடு சேர்ந்து சுழலவில்லை என்று கேட்கிறான். அதற்கு இருவருமாகச் சேர்ந்து கையால் விடை கண்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

இப்போது என் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, நகரத்து விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கும், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ரோட்டர்கள், அதாவது சுழலும் விசிறிகள், வைத்த மூன்று சனல் ஹெலி (சனல் என்பது ரிமோட்டால் தனித்தனியாகக் கட்டுப்படுத்தக்கூடிய அசைவு). சென்ற வருடம் இவ்வகையில் ஒன்றை மகனுக்கு வாங்கிக் கொடுத்தேன். இரண்டாம் நாள் அதன் பல்சக்கரம் தேய்ந்தது. வாங்கிய கடையில் உதிரிப்பாகம் கேட்டபோது, "புதிதாக ஒன்று எடுங்கள்" என்ற பதிலே கிடைத்தது. இரண்டாவது, இணையத்தில் தருவிக்கக்கூடிய, ஒற்றை ரோட்டரும் வால் ரோட்டரும் கொண்ட உள்ளங்கை அளவு நான்கு சனல் ஹெலி. மூன்றாவதுதான் என் தூக்கத்தைக் கெடுப்பது: கட்டாரிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவரிடம் டி-றெக்ஸ் 450 என்ற பெரிய ஹெலி ஒன்று, ரிமோட், மூன்று பற்றரி, சார்ஜர், மேலதிக பிளேட் (ரோட்டரின் இறக்கை) ஒரு சோடி ஆகிய எல்லாவற்றோடும் இருக்கிறது. 45,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். நான் ஒதுக்கியிருப்பது 30,000 ரூபாய்தான் என்றாலும், அந்த அலுமினியத் தலையையும் காபன் சட்டத்தையும் கையில் எடுத்துப் பார்த்ததிலிருந்து மற்றவை எல்லாம் பொம்மையாகவே தெரிகின்றன.

வீட்டு முற்றம் ஏறக்குறைய முப்பதடிக்கு இருபதடி. இரண்டு தென்னையும் ஒரு முருங்கையும் நிற்கின்றன. கடற்கரை ஐந்து நிமிட நடை. சனிக்கிழமைகளில் ஒரு வாசிகசாலை மண்டபத்தைத் திறந்து தருவதற்கு ஆள் இருக்கிறார். இந்த நிலையில் எதை வாங்குவது பொருத்தம்? அனுமதி ஏதும் எடுக்க வேண்டுமா? சொந்தமாகக் கற்றவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கல்முனைக் கரைவலை எழுதியது:

வணக்கம் சகோதரரே. அந்த 450 ஐப் பற்றியே முதலில் பேசுகிறேன், ஏனெனில் உங்கள் மனம் அதில்தான் நிற்கிறது என்பது எழுத்திலேயே தெரிகிறது.

450 வகையில் பிரதான பிளேட் ஒன்றின் நீளம் பொதுவாக 325 மில்லிமீற்றர்; இரண்டும் சுழலும் வட்டத்தின் விட்டம் 70 சென்ரிமீற்றர் அளவில் வரும். அது நிமிடத்துக்கு 2,800 தடவை சுழல்கிறது என்று வைத்து மகனோடு இருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளேட்டின் நுனி செக்கனுக்கு 100 மீற்றருக்கு மேல், அதாவது மணிக்கு 370 கிலோமீற்றர் அளவு வேகத்தில் போகிறது என்று விடை வரும். இது விளையாட்டுப் பொருளின் வேகமல்ல. 2013 செப்டெம்பரில் நியூயோர்க் நகரத்தின் புரூக்ளின் பகுதிப் பூங்கா ஒன்றில், நன்றாகப் பறக்கவிடத் தெரிந்த 19 வயது இளைஞர் ஒருவர் தன்னுடைய ஹெலியாலேயே தாக்கப்பட்டு உயிரிழந்தார். அது 450 ஐ விடப் பெரியது என்பது உண்மைதான், ஆனால் 450 க்கும் விரலையும் கண்ணையும் எடுத்துச் செல்லப் போதுமான பலம் இருக்கிறது. தென்னைக்கும் முருங்கைக்கும் நடுவே, பக்கத்தில் பதினொரு வயதுப் பிள்ளை நிற்க, இதுவரை ரிமோட்டின் ஸ்டிக்கைத் தொட்டிராத ஒருவர் அதை இயக்குவதை என்னால் நினைத்தும் பார்க்க முடியவில்லை.

நான் தொடங்கியதும் அதே அளவு ஹெலியில்தான் என்பதால் இதை உரிமையோடு சொல்கிறேன். முதல் நாள் கடற்கரையில் நான்கு செக்கன் பறந்தது. இடுப்பளவு உயரத்துக்கு எழும்பியதும் இடப்பக்கமாக நழுவியது. பயந்து வலப்பக்கம் தள்ளினேன், அது அளவுக்கு மிஞ்சிச் சாய்ந்தது, மணலில் குத்தியது. இரண்டு பிளேட், பிரதான அச்சு, தலைக்குள் இருக்கும் சிறிய அச்சு, பிரதான பல்சக்கரம், வால் குழாய் ஆகியன ஒரே விழுகையில் போயின. பாகங்கள் வந்து சேர ஏழு கிழமை சென்றது. திரும்பக் கட்டி முடித்து மூன்று செக்கன் பறக்கவிட்டேன். அந்த ஒரு வருடத்தில் நான் பறந்த நேரத்தை எல்லாம் கூட்டினால் பதினைந்து நிமிடம் தேறாது. ஆனால் ஹெலியைக் கழற்றிப் பூட்டுவதில் மட்டும் பண்டிதனாகிவிட்டேன்.

முதல் ஹெலியைத் தெரிவுசெய்யும்போது, "இது எவ்வளவு நன்றாகப் பறக்கும்" என்று பார்ப்பதைவிட, "இது விழுந்த பிறகு எத்தனை நிமிடத்தில் மறுபடி எழும்பும்" என்று பார்ப்பதே சரி. நீங்கள் நூறு தடவையாவது விழுத்தப்போகிறீர்கள். ஐம்பது கிராமுக்கும் குறைவான ஹெலி விழுந்தால், எடுத்துத் துடைத்து அதே இடத்தில் வைத்து மீண்டும் பறக்கவிடலாம். அந்த நூறு விழுகையையும் ஒரே மாதத்தில் முடித்துக்கொள்ள முடிவதால்தான் கை படிகிறது.

அப்படியானால் கடையில் கிடைக்கும் இரட்டை ரோட்டர் ஹெலி போதாதா என்று கேட்பீர்கள். உங்கள் மகனின் கேள்விக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. தோணியில் நின்று கழியால் கரையைத் தள்ளினால் தோணி எதிர்ப்புறம் போவதைப்போல, மோட்டர் பிளேட்டை ஒரு திசையில் சுழற்றும்போது உடல் எதிர்த்திசையில் சுழலப் பார்க்கும். ஒற்றை ரோட்டர் ஹெலியில் வால் ரோட்டர் காற்றைப் பக்கவாட்டில் தள்ளி அந்தச் சுழற்சியைத் தடுக்கிறது. இரட்டை ரோட்டர் ஹெலியில் மேலுள்ளதும் கீழுள்ளதும் எதிரெதிர்த் திசைகளில் சுழல்வதால் இரண்டின் விளைவும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. சைமா எஸ்107 போன்றவை அவ்வளவு அமைதியாக நிற்பதற்குக் காரணம் இந்த அமைப்பும், உடல் திரும்புவதை உணர்ந்து சரிசெய்ய அதற்குள் இருக்கும் ஜைரோ என்ற உணரியுமே. ஆனால் மூன்று சனலில் ஏறி இறங்கலாம், திரும்பலாம், முன்பின் போகலாம்; பக்கவாட்டில் சாய்க்க முடியாது. ஹெலியில் கைக்கு வராத வித்தை அந்தப் பக்கச் சாய்வுதான். போதாததற்கு, இவற்றில் பல அகச்சிவப்புக் கதிரால் கட்டுப்படுத்தப்படுபவை என்பதால் வெயிலில் ரிமோட்டின் சொல்லைக் கேட்கமாட்டா. மகன் சித்திரை விடுமுறையில் விளையாட நல்லது. நீங்கள் கற்பதற்கு உதவாது.

ஆகவே உங்கள் இரண்டாவது வழிதான் என்னுடைய பதில்: ஒற்றை ரோட்டர், நான்கு சனல், 2.4 கிகாஹேர்ட்ஸ் ரிமோட், பிளேட்டின் கோணம் மாறாத வகை. டபிள்யூஎல் டோய்ஸ் வி911, அதன் பிந்திய வடிவமான வி911எஸ் ஆகியவற்றை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது வரும் சிலவற்றில் காற்றழுத்தத்தை உணர்ந்து உயரத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. முதல் இரண்டு நாட்களுக்கு அது சுகமாக இருக்கும். ஆனால் மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ரொட்டிலை இடைவிடாமல் நெகிழ்த்தியும் இறுக்கியும் உயரத்தைக் காக்கும் பழக்கம் உங்கள் விரலுக்கு வராமலே போய்விடும். அந்த வசதியை நிறுத்திவைக்க முடியாத மாதிரியை நான் வாங்கமாட்டேன்.

வாங்கிய பின்னர், மண்டபத்தில் மேலே சுழலும் மின்விசிறிகளை நிறுத்திவிட்டு, தரையில் சோக்கால் ஒரு மீற்றர்ச் சதுரம் கீறி, வால் உங்களைப் பார்க்குமாறு ஹெலியை அதன் நடுவில் வையுங்கள். எல்லோரும் செய்யும் பிழை, பயத்தில் அதைத் தரையோடு தரையாகப் பறக்கவிட முயல்வது. தரைக்கு அருகில் ஹெலி தான் கீழே தள்ளிய காற்றிலேயே தள்ளாடும்; துணிந்து முழங்கால் உயரத்தைத் தாண்டினால் அடங்கும். இன்னொன்று, மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுழலும் ரோட்டர் உள்ள ஹெலி, வால் ரோட்டரின் தள்ளுகையால் சிறிது இடப்பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும். அது பழுதல்ல, கடையில் ஏமாற்றியதுமல்ல. வலப்பக்கம் ஒரு நூலளவு சாய்த்துப் பிடித்தால்தான் நின்ற இடத்தில் நிற்கும். இதை யாரும் சொல்லாததால்தான் நான் முதல் நாள் அதன் பின்னால் ஓடினேன்.

களுவாஞ்சிக்குடி ஈயப்பற்று எழுதியது:

மேலே எழுதிய சகோதரர் தெரிவைச் சரியாகச் சொல்லிவிட்டார். நான் மின்னணுப் பொருட்கள் திருத்தும் தொழில் செய்பவன். என்னிடம் வரும் ஹெலிகளில் விழுந்து உடைந்தவற்றைவிட, பற்றரியால் வீணானவையே அதிகம். அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இவற்றில் இருப்பது லித்தியம் பொலிமர் பற்றரி. ஒரு செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழுமையாக ஏறினால் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிட்டால் அது பழைய நிலைக்குத் திரும்பாது, வீங்கத் தொடங்கும். ஹெலி முன்னைப்போல் ஏறவில்லை என்று உணர்ந்தவுடனேயே இறக்கிவிடுங்கள், "இன்னும் ஒரு சுற்று" என்று இழுக்க வேண்டாம். இறக்கிய பற்றரி சூடாக இருக்கும்போது சார்ஜில் போடக்கூடாது. நம்முடைய வெக்கையில் அது ஆறுவதற்குப் பதினைந்து நிமிடமாவது செல்லும். மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே வைத்து வெயிலில் நிறுத்திவிட்டுப் போகும் வழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். ஒரு கிழமைக்கு மேல் பறக்கவிடாமல் இருக்கப்போகிறீர்கள் என்றால், முழுதாக ஏற்றியும் வைக்காமல் வெறுமையாகவும் வைக்காமல், 3.8 வோல்ட் அளவில் ஒரு தகரப் பேணிக்குள் வையுங்கள். சார்ஜில் போட்டுவிட்டு உறங்கச் செல்லவே கூடாது. வீங்கிய பற்றரியை "கொஞ்சம்தானே" என்று பாவிக்கவும் கூடாது. அந்த நண்பரிடமுள்ள 450 இன் மூன்று பற்றரிகளும் எத்தனை வருடம் எந்த நிலையில் கிடந்தன என்று கேட்டுப் பார்த்தீர்களா? முழுதாக ஏற்றி அலுமாரிக்குள் வைக்கப்பட்டிருந்தால் அவை மூன்றும் குப்பைக்குரியவை. விலையில் அதைக் கழித்துப் பாருங்கள்.

தருவிக்கும்போது இரண்டு அல்லது மூன்று பற்றரிகளோடு சேர்த்து விற்கப்படும் பொதியையே தெரிவுசெய்யுங்கள். தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயன் பற்றரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் சர்வதேச அளவில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. லித்தியம் பொலிமரும் அதற்குள் அடங்குவதே. பின்னர் ஒரு பற்றரியை மட்டும் தருவிக்கலாம் என்று இருந்தால், அது சரக்கு விமானத்திலோ கப்பலிலோ வரும்வரை காத்திருக்க நேரிடலாம். அதே பொதியில் பிரதான பிளேட் இரண்டு சோடி, வால் மோட்டர் ஒன்று, பிரதான பல்சக்கரம் ஒன்று ஆகியவற்றையும் கேளுங்கள். சிறிய ஹெலிகளில் முதலில் போவது வால் மோட்டர்தான். அதை மாற்றுவதற்கு இரண்டு கம்பிகளைப் பற்றவைத்தால் போதும். நேர்-எதிர் மாறினால் மோட்டர் பின்புறமாகச் சுழலும், ஹெலி பம்பரமாகிவிடும். அதனால் கழற்றுவதற்கு முன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கடற்கரை. கடல் மணலில் இருக்கும் கருமணல் துகள்கள் மோட்டரின் காந்தத்தில் பிடித்துக்கொள்ளும். ஒரு தடவை அப்படி வந்த மோட்டரைத் திறந்தபோது உள்ளே மீசை வளர்ந்ததுபோல் இருந்தது. உப்புக் காற்றும் பெயாரிங்கைத் தின்னும். ஐந்து நிமிட நடையில் கடற்கரை இருக்கிறது என்பதை ஒரு வசதியாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

கல்லடி வாவிக்கரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. நண்பரின் பற்றரிகளை நேற்று மாலை போய்ப் பார்த்தேன். மூன்றில் இரண்டு, தலையணைபோல் உப்பியிருந்தன. அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எனக்கோ 450 மீதிருந்த ஆசையில் பாதி அங்கேயே கழிந்துவிட்டது. மிச்சப் பாதிக்காக ஒரு கேள்வி. சிறிய ஹெலியில் கற்பது, பின்னர் பெரியதற்குப் போகும்போது உண்மையிலேயே பயன்படுமா, அல்லது எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டிவருமா?

அக்கரைப்பற்று மாணவி எழுதியது:

வணக்கம் அண்ணா. நான் பொறியியல் படிப்பவள்; ஹெலி பறக்கவிடத் தொடங்கி மூன்று வருடங்கள். உங்களுடைய கடைசிக் கேள்வி குறித்து எனக்குக் கல்முனை ஐயாவோடு ஒரு சிறிய கருத்து வேறுபாடு உண்டு.

பிளேட்டின் கோணம் மாறாத ஹெலியில் உயரத்தைக் கூட்டுவதற்கு மோட்டரின் வேகத்தைக் கூட்ட வேண்டும். அதனால் நீங்கள் ஸ்டிக்கைத் தள்ளுவதற்கும் ஹெலி எழும்புவதற்கும் இடையே ஒரு தாமதம் இருக்கும். சிறிய காற்றடித்தாலும் அது பட்டம்போல் மேலே தூக்கப்படும், இறக்குவதற்கு ரோட்டரின் வேகம் குறையும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கோணம் மாறும் வகையில் ரோட்டர் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டிருக்க, பிளேட்டின் கோணம் மட்டும் மாறுகிறது. ஸ்டிக்கை அசைத்த கணமே ஹெலி பதில் சொல்லும். இறங்கு என்றால் காற்றையும் மீறி இறங்கும். ஆகவே திசை அறிவு, அதாவது ஹெலி எந்தப் பக்கம் பார்த்தாலும் குழம்பாமல் இருக்கும் பழக்கம், முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு அப்படியே வரும். த்ரொட்டில் பழக்கம் வராது. அதை மறுபடி கற்கத்தான் வேண்டும்.

இதனால்தான் நான் எக்ஸ்கே கே110 போன்ற, கோணம் மாறும் ஆறு சனல் சிறிய ஹெலியில் நேரடியாகத் தொடங்கினேன். அது 3.7 வோல்ட், 450 மில்லியம்பியர் மணி கொண்ட ஒற்றைச் செல் பற்றரியில் இயங்குகிறது. பிரதான மோட்டர் பிரஷ் இல்லாதது. ரிமோட்டிலுள்ள ஆளியை ஒரு பக்கம் போட்டால் ஸ்டிக்கை விட்டவுடன் தானே நிமிர்ந்து நிற்கும், மறுபக்கம் போட்டால் தலைகீழாகவும் பறக்கும். அந்த இரண்டாவது பக்கத்தை முதல் ஆறு மாதம் செலோடேப்பால் ஒட்டி மறைத்து வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் இந்த வழியில் போவதற்கு முன் சிமியுலேட்டரில், அதாவது கணினித் திரையில் ஹெலி பறக்கவிட்டுப் பழகும் மென்பொருளில், கைபழக வேண்டும். நான் சொல்வதன் மையம் அதுதான். ரியல்ஃபிளைட், ஹெலி-எக்ஸ், நெக்ஸ்ட் என்று பல இருக்கின்றன. உண்மையான ரிமோட்டை யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்துக்கொண்டு, மடிக்கணினித் திரையில் ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் விழுத்திக்கொண்டே இருங்கள். அங்கே உடைந்ததைச் சரிசெய்ய ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கச்சான் காற்று அடித்த இரண்டு மாதமும் நான் வெளியே போகவேயில்லை. அந்த இரண்டு மாதத்தில்தான் முகம் பார்த்துப் பறக்கவிடக் கற்றேன்.

அந்த முகம் பார்த்தல்தான் எல்லோரையும் விழுத்துவது. ஹெலியின் மூக்கு உங்களை நோக்கித் திரும்பியவுடன் உங்கள் இடம் அதற்கு வலமாகிவிடும். மூளைக்கு அது தெரிந்திருந்தாலும் விரல் கேட்காது. எனக்கு உதவிய ஒரு சூழ்ச்சி: சாயும் வாழைக்கு முட்டுக் கொடுப்பதைப்போல, ஹெலி உங்கள் பார்வையில் எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள். மூக்கு உங்களைப் பார்க்கும்போது மட்டும் இது சரியாக வேலைசெய்யும். வால் உங்களைப் பார்க்கும்போது இதைச் செய்தால் நேரே தென்னையில்தான்.

ரிமோட் வாங்கும்போது த்ரொட்டில் இடது கையில் வரும் "மோட் 2" தானா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். வலது கையில் வரும் "மோட் 1" உம் விற்பனைக்கு வருகிறது. எதிலும் கற்கலாம், ஆனால் ஒன்றில் கற்ற பின்னர் மற்றையதற்கு மாறுவது, வலக்கையால் எழுதுபவர் இடக்கையால் எழுதத் தொடங்குவதைப் போன்றது.

கல்முனைக் கரைவலை எழுதியது:

தங்கச்சி சொல்வதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. கோணம் மாறும் சிறிய ஹெலி சிறந்த ஆசான்தான். ஆனால் கேட்டவரின் 30,000 ரூபாயில் ஹெலியும் ரிமோட்டும் சிமியுலேட்டரும் மேலதிகப் பாகங்களும் அடங்குமா என்று பாருங்கள். அதோடு, அது விழுந்தால், பிளேட்டின் கோணத்தை மாற்றும் சிறு மோட்டரான சேர்வோவின் மெல்லிய பற்கள் உடையும்; பதினொரு வயது மகனுக்கும் ரிமோட்டைக் கையில் கொடுக்கும் எண்ணம் இருந்தால் கோணம் மாறாததே நிம்மதி. தந்தை மட்டும் கற்கப்போகிறார் என்றால் நானும் கே110 ஐத்தான் சொல்வேன். எதை வாங்கினாலும், விழப்போகிறது என்று தெரிந்த அந்தக் கணத்தில் காப்பாற்ற முயலாமல் த்ரொட்டிலை முழுவதுமாக நிறுத்திவிடும் பழக்கத்தை முதல் நாளே விரலுக்குக் கொடுத்துவிடுங்கள். சுழன்றுகொண்டே குத்தினால்தான் பல்சக்கரம் போகும். பிளேட் சிக்கியிருக்க மோட்டருக்கு மின் போய்க்கொண்டிருந்தால் சுற்றுப்பலகையே கருகும்.

அனுமதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பின்னர் நாடு முழுவதிலும் ஆளில்லா வான்கலங்கள் தடைசெய்யப்பட்டிருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். நம்முடைய மாவட்டங்களில் வானில் ஏதாவது இரைந்தால் மக்களும் பொலிஸாரும் இன்னும் திரும்பிப் பார்ப்பார்கள். சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை இவற்றை எடை அடிப்படையில் வகைப்படுத்தி, 200 கிராமுக்கு மேற்பட்டவற்றைப் பதிவுசெய்யக் கேட்கிறது. 450 அந்த எல்லைக்கு வெகு மேலே. நாம் பேசும் சிறியவை வெகு கீழே. இதுவும் சிறியதில் தொடங்குவதற்கு ஒரு காரணம். வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் ரேடியோக் கருவிகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதியைச் சுங்கத்தில் கேட்கக்கூடும் என்பதால், பணம் கட்டுவதற்கு முன் இரண்டு இடத்திலும் அன்றைய விதியை விசாரித்துவிடுங்கள். மட்டக்களப்பு விமான நிலையம் நகரத்தை ஒட்டி, வாவிக்கு அப்பால்தான் இருக்கிறது. ஆகவே கல்லடியில் வெளியிடத்தில் மரத்தின் உயரத்தைத் தாண்டும் எண்ணமே வேண்டாம்.

வெளியே பறக்கவிடும் நாள் வரும்போது கடற்கரையை விட்டுவிட்டு, தெரிந்தவர் ஒருவரின் வயலுக்குப் போங்கள். பெரும்போக வெட்டு முடிந்து வட்டை வெறுமையாகக் கிடக்கும் பங்குனி, சித்திரையில், காலை ஆறு மணிக்கும் ஏழரைக்கும் இடையில் ஓர் இலையும் அசையாது. விழுந்தாலும் அரிதாள் மெத்தைபோல் தாங்கும். வைகாசிக்குப் பிறகு கச்சான் எழும்பினால் பகலில் ஐம்பது கிராம் ஹெலியை வெளியே எடுப்பது, அதைக் காற்றுக்குத் தானம் செய்வதற்குச் சமம்.

கல்லடி வாவிக்கரை எழுதியது:

ஏழு கிழமைக்குப் பின்னர் எழுதுகிறேன். 450 ஐ வாங்கவில்லை. கோணம் மாறாத நான்கு சனல் ஹெலி ஒன்றை, மூன்று பற்றரி, இரண்டு வால் மோட்டர், பிளேட் நான்கு சோடியோடு தருவித்தேன். எல்லாம் சேர்த்து ஒதுக்கிய பணத்துக்குள் அடங்கிவிட்டது. தென்னோலை ஈர்க்கு நான்கைக் குறுக்காகக் கட்டி, நுனிகளில் ரிஜிபோம் உருண்டைகள் குத்தி, முதல் இரண்டு சனிக்கிழமையும் அதைக் காலாகப் பொருத்தியிருந்தோம். எடை கூடியதால் பற்றரி விரைவில் இறங்கியது, ஆனால் கவிழ்வது நின்றது. இதுவரை ஒரு வால் மோட்டரும் ஒரு சோடி பிளேட்டும் போயிருக்கின்றன. வால் மோட்டரை மகனே பற்றவைத்தான். படம் எடுக்க மறந்ததால் முதல் தடவை ஹெலி பம்பரமாகச் சுற்றியது. "வால் இல்லாவிட்டால் உடல் சுழலும் என்று சொன்னீர்களே, வால் எதிர்ப்பக்கம் தள்ளினால் இன்னும் வேகமாகச் சுழல்கிறது" என்று அவன் சொன்னபோது நான் குறுக்கே எதுவும் பேசவில்லை.

வால் நம்மைப் பார்க்க, சோக்குச் சதுரத்துக்குள் ஒரு பற்றரி முடியும்வரை என்னால் இப்போது நிறுத்திவைக்க முடிகிறது. மகன் பக்கவாட்டு நிலைக்கும் போய்விட்டான். முகம் பார்த்தலில் இருவரும் மண்டபச் சுவரிலேயே முடிகிறோம். வாழைக்கு முட்டுக் கொடுக்கும் சூழ்ச்சி அவனுக்கு வாய்த்துவிட்டது, எனக்கு இன்னும் இல்லை. சிமியுலேட்டருக்கு இந்த ரிமோட்டையே கணினியோடு இணைக்க முடியுமா, அல்லது அதற்கென்று யூஎஸ்பி ரிமோட் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டுமா என்று அக்கரைப்பற்றுத் தங்கச்சி சொன்னால் நல்லது.

அக்கரைப்பற்று மாணவி எழுதியது:

பெட்டியோடு வரும் சிறிய ரிமோட்டுகள் பலவற்றில் கேபிள் செருகும் துளையே இருக்காது அண்ணா. பின்புறத்திலும் பற்றரி மூடிக்குள்ளும் ஒரு தடவை பாருங்கள். இல்லையென்றால் சிமியுலேட்டருக்கென்றே விற்கும் மலிவான யூஎஸ்பி ரிமோட் போதும், மோட் 2 ஆக இருக்கட்டும். அதில் ஹெலியின் மூக்கை உங்களை நோக்கித் திருப்பி வைத்துவிட்டு, ஒரு கிழமைக்கு வேறு எதையும் செய்யாமல், அதை நிறுத்திவைப்பதை மட்டும் பழகுங்கள்.